வீங்கிய முகத்தின் அளவு

இதன்மேல் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் கண்ணாடி சப்பையாகியிருக்கும். காதுக்கம்பிகள் இரண்டும் தவளைக் கால் மாதிரி ஆளுக்கொரு பக்கம் விரிந்திருக்கும். இதில் இடது கம்பி மட்டும் உள்ளே மடங்கியிருக்கிறது. மூக்கில் உட்காரும் இடது நோஸ்பேட் எலும்பைத் தோண்டப் போவதுபோல் திரும்பியிருக்கிறது. இது முகத்தில் இருந்தபோதே வளைந்த கண்ணாடி. பக்கவாட்டிலிருந்து ஏதோ வந்து விழுந்திருக்கிறது. ஏதோ என்ன ஏதோ. கை.

“நான் பேசறது காதுல விழுதாடி?” என்றாள் அம்மா.

“விழுதும்மா.”

“கழட்டி நாற்காலியில வச்சாளாம். மறந்துபோய் அதுமேலயே உக்காந்துட்டாளாம். எதுலதான் அவளுக்குக் கவனம்? அடுப்புல பால் வச்சாலும் இதே கதைதான்.”

அவள் மேசை விளக்கின் வெளிச்சத்தில் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்ணியின் கண்ணாடி. மைனஸ் ஒன்பது. லென்ஸின் ஓரம் தடிமனாக, பார்க்கிறவர்களுக்கு அண்ணியின் கண்களைச் சின்னதாக்கிக் காட்டும். அதைக் கழற்றிவிட்டால் அண்ணிக்குச் சுவர் எது, கதவு எது என்று கையால் தடவித்தான் தெரியும்.

அந்தக் கண்ணாடிக் கடையில் ஜன்னலோர மேசை அவளுடையது. லென்ஸ் வெட்டுகிறவர் உள்ளறையில், கண் பரிசோதிக்கிறவர் வாரத்தில் பாதி நாள் மாடியில், முதலாளி எங்கும். வளைந்ததை நிமிர்த்துவது, கழன்ற திருகை முடுக்குவது, புதுக் கண்ணாடியை முகத்தில் பொருத்திக் காதுக்குப் பின்னால் அழுத்தாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரம்மா என்று பெயர். வீட்டில், நாற்பதை நெருங்கிய பிறகும், பாப்பா.

“இன்னைக்கே வேணும்,” என்றாள் அம்மா. “நாளைக்கு மத்தியானம் அவங்கப்பா அம்மா வர்றாங்க.”

“அண்ணிய வரச் சொல்லும்மா. முகத்துல மாட்டிப் பாக்காம எப்படிச் சரி பண்றது?”

“கண்ணாடி இல்லாம அவ எப்படி வருவா?”

“நீ கூட்டிட்டு வரலாம்ல?”

அம்மா கைப்பையின் வாரை ஒருமுறை முறுக்கினாள். “அவளுக்கு உடம்பு சரியில்ல. குத்துமதிப்பா நிமிர்த்திக் குடு, போதும். உனக்குத் தெரியாத வேலையா?”

உள்ளறைக் கதவு திறந்து தூசி எட்டிப் பார்த்தார். லென்ஸ் வெட்டுகிறவர். மீசையிலும் புருவத்திலும் எப்போதும் வெள்ளைத் தூள் படிந்திருப்பதால் அந்தப் பெயர். தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயரே தெரியாது. அவர் மேசைமேல் இருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“மறுபடி அண்ணியா? ஏம்மா, உங்க வீட்டுல நாற்காலிக்கா பஞ்சம்? எப்பப் பாரு கண்ணாடி மேலயே உக்கார்றாங்களே.”

அம்மா தேவைக்கு அதிகமாகவே சிரித்தாள். “நல்லா கேளுங்க. நான் சொன்னா அவளுக்கு ஏறாது.”

“சாயங்காலம் நானே கொண்டுவரேன்,” என்றாள் அவள். “முகத்துல வச்சுத்தான் பாக்கணும்.”

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தூசியின் முன்னால் அதைச் சொல்லவும் முடியவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, மேசைமேல் குனிந்து, குரலை இறக்கினாள்.

“கொண்டுவரும்போது நல்லதா இருக்கணும். அவகிட்ட எதையும் நோண்டிக் கேட்டுட்டு நிக்காத. கண்ணாடி போச்சேன்னு அவளே நொந்து கிடக்கா.”

அம்மா தெருவைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போவதை ஜன்னல் வழியே பார்த்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்த நடை. அப்பா இருந்தவரை கோபக்காரர், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், ஆனால் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. “உங்கப்பா என்மேல சுண்டுவிரல் வச்சதில்ல” என்று பெருமையாகச் சொல்லும் அம்மாவுக்கு, மகனைப் பற்றிச் சொல்ல ஒரு நாற்காலிதான் கிடைத்திருக்கிறது.

கண்ணாடியை மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள். கை அசந்துபோயிருந்தது, இன்னும் ஒரு வேலையும் செய்யாமலே.

*

பதினோரு மணி வாக்கில் முதலாளி ஒரு சுருட்டிய சுவரொட்டியும் ஊதா நிற ரிப்பன்களும் கொண்டுவந்தார். கடைக்காரர் சங்கத்தின் ஏற்பாடு. பெண்கள்மீதான வன்முறைக்கு எதிரான விழிப்புணர்வு வாரம். தெருவின் எல்லாக் கடைகளிலும் சுவரொட்டி ஒட்ட வேண்டும், எல்லா ஊழியர்களும் ரிப்பன் குத்திக்கொள்ள வேண்டும், புகைப்படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும்.

“உலகம் பூரா நடக்குதும்மா இது,” என்றார். “நம்ம தெரு மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?”

“செருப்புக் கடையில போன வாரம் பெண்களுக்குத் தள்ளுபடி போட்டாங்க,” என்றார் தூசி. “அதுவும் இதுதானா?”

“யோவ், அது வேற, இது வேற. உனக்கு எல்லாம் விளையாட்டு.”

முதலாளி நல்ல மனிதர். அவர் சத்தம் போடுவதெல்லாம் போக்குவரத்தைப் பற்றியும் பல்லி எச்சத்தைப் பற்றியும்தான். சுவரொட்டியை அவரே ஜன்னலில் ஒட்டினார். கோணலாக இருக்கிறதா என்று மூன்று தடவை தெருவுக்குப் போய்ப் பார்த்தார். ஒரு பெண்ணின் முகம், பாதி நிழலில். கீழே: உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவிக்கிறாள்.

அவள் ஜன்னலுக்கு உட்பக்கம் இருந்தாள். எழுத்துகள் வெளிச்சத்தில் தலைகீழாக இல்லாமல், இடம் வலம் மாறித் தெரிந்தன. இருந்தாலும் படிக்க முடிந்தது. மூன்றில் ஒருத்தி. எங்கள் வீட்டில் பெண்கள் மூன்று பேர், என்று நினைத்தாள். அம்மா, அண்ணி, நான். ஒருத்திக்கு அடி விழுந்தாயிற்று. மீதி இரண்டு பேர் எங்கே இருந்தோம் என்று இந்தக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

“நீ இந்த அட்டையப் பிடிச்சுக்கோம்மா,” என்றார் முதலாளி. அட்டையில் ‘மௌனம் கலைப்போம்’ என்று இருந்தது. “கொஞ்சம் மேல தூக்கு. முகம் மறையுது. சிரிக்காத, இது சீரியஸான விஷயம்.”

“நான் சிரிக்கலியே சார்.”

“ரொம்ப உம்முன்னும் இருக்காத. கடைக்கு வர்றவங்க பயந்துடுவாங்க.”

தூசி அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய ரிப்பன் தூளில் பாதி வெள்ளையாகியிருந்தது. முதலாளி செல்பேசியை நீட்டி, பின்னால் போய், ஸ்டூலில் இடித்துக்கொண்டு, படம் எடுத்தார். அட்டையைப் பிடித்திருந்த கைகளுக்கு நேர் கீழே அந்த இழுப்பறை இருந்தது. அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை. களைப்பாக இருந்தது. உட்கார்ந்தால் தேவலை என்று இருந்தது.

*

மத்தியானம் கூட்டம் இல்லை. இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை வெளியே வைத்து, குறடு ஒன்றைக் கையில் எடுத்தாள். இது மெல்லிய உலோக ஃப்ரேம். பிளாஸ்டிக்போல் சூடு காட்டி வளைக்க வேண்டியதில்லை. குறட்டின் வாயில் துணி சுற்றி, கீலுக்குப் பக்கத்தில் பிடித்து, மூச்சை அடக்கி ஒரு சின்னத் திருப்பம். அவ்வளவுதான். நோஸ்பேடைத் தன் கட்டைவிரல் நகத்தால் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும்.

பழைய இடம் எது?

அங்கேதான் கை நின்றது.

மழைக்காலத்தில் அண்ணி கடைக்கு வந்தது நினைவுக்கு வந்தது. அப்போதும் ‘உட்கார்ந்துவிட்ட’ கண்ணாடிதான். அம்மாதான் கூட்டிவந்தாள். மூக்கின் இடது பக்கமும் கன்னமும் உப்பியிருந்தன. ஜலதோஷம், சளி இறங்கி முகமெல்லாம் கனமாக இருக்கிறது என்றாள் அண்ணி. அவளும் சரி என்றாள். கண்ணாடியை நிமிர்த்தி, அண்ணியின் முகத்தில் வைத்தாள். இடது பக்கம் அழுத்தியது. அண்ணி முகத்தைச் சுளித்தாள். உடனே கழற்றி, இடது நோஸ்பேடைக் கொஞ்சம் வெளியே தள்ளி, மறுபடி வைத்து, இன்னும் கொஞ்சம் தள்ளினாள். “இப்ப வலிக்குதா அண்ணி?” “இல்ல பாப்பா. இப்ப சொகமா இருக்கு.” கச்சிதமாகப் பொருந்தியது. முகம் எப்படியோ கண்ணாடி அப்படி. இந்தத் தொழிலின் முதல் பாடம் அது. காது மேலும் கீழுமாக இருந்தால் கம்பியையும் மேலும் கீழுமாக வளைப்போம். காதைச் சரிசெய்யச் சொல்ல மாட்டோம்.

சில வாரம் கழித்து அண்ணி மறுபடி வந்தாள். கண்ணாடி வழுக்கி வழுக்கி விழுகிறது, பாத்திரம் கழுவக் குனிந்தால் தொட்டிக்குள் போகிறது.

“மெலிஞ்சிட்டீங்களா அண்ணி? முகம் ஒடுங்கிருச்சே.”

“ஆமா பாப்பா. சாப்பாட்டக் குறைச்சிட்டேன்.”

சிரித்துக்கொண்டே நோஸ்பேடை உள்ளே தள்ளினாள். இடது பக்கம் மட்டும். இடது பக்கம் மட்டும் எப்படி ஒருத்தி மெலிவாள் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. கை கேட்டிருக்கும். கைக்குத் தெரிவதெல்லாம் தலைக்கு ஏறுவதில்லை. அல்லது ஏறவேண்டாம் என்று தலை தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறது.

வீக்கத்துக்கு அளவு எடுத்திருக்கிறேன். அடி வாங்கிய முகத்துக்குப் பொருத்தமாக, வலிக்காமல், கச்சிதமாக.

குறட்டைக் கீழே வைத்தாள். தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். அடிக்கிற ஆண் என்றால் அவன் தனி ரகமாக இருப்பான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். குடிப்பான், தெருவில் சண்டை போடுவான், பார்த்தாலே தெரியும். அண்ணன் குடிப்பதில்லை. மாடிப்படியில் அவன் வைத்திருக்கும் செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறான். அவளுக்குக் காய்ச்சல் என்றால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து மாத்திரை வாங்கித் தருகிறான். அந்த அண்ணனையும் இந்தக் கம்பியையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்காமலிருப்பதற்குத்தான் இத்தனை நாள் இவ்வளவு நேர்த்தியாக நிமிர்த்திக்கொண்டிருந்தாளோ என்னவோ.

நிமிர்த்தாவிட்டால்? அண்ணி சுவரைத் தடவிக்கொண்டு நடக்க வேண்டும். நிமிர்த்தினால், நாற்காலிக் கதை நிலைத்துவிடும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃப்ரேம் வேறு லென்ஸ் வேறு என்பது, தினமும் செய்கிற வேலை, அப்போதுதான் தோன்றுவதுபோல் தோன்றியது.

திருகைக் கழற்றி லென்ஸ்களை எடுத்தாள். இரண்டிலும் கீறல்கூட இல்லை. வருஷத்துக்கு ஒரு ஃப்ரேம் கடை ஊழியர்களுக்கு உண்டு. கண் நன்றாக இருப்பதால் அவள் ஒரு வருஷமும் எடுத்ததில்லை. அலமாரியிலிருந்து கொஞ்சம் சிறிய ஃப்ரேம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, லென்ஸ்களோடு உள்ளறைக்குக் கொண்டுபோனாள்.

“இதை இதுக்கு வெட்டித் தருவீங்களா?”

தூசி லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பெரியதைச் சின்னதாக்கலாம். ஏன், பழசு நிமிராதா?”

“நிமிரும்.”

“பின்ன?”

தூசி அவளைப் பார்த்தார்; அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்த வெறும் ஃப்ரேமைப் பார்த்தார். வாங்கி, தன் முகத்துக்கு நேரே பிடித்து, மடங்கிய கம்பி எங்கே வருகிறது என்று பார்த்தார். பிறகு மெதுவாக அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“நான் ஒரு கூறுகெட்டவன்,” என்றார். “நாற்காலி அது இதுன்னு.”

“நீங்க மட்டுமா.”

அவர் இயந்திரத்தைப் போட்டார்.

*

அண்ணன் வீடு மூன்றாவது மாடி. அவள் போனபோது வெயில் இன்னும் இருந்தது. அண்ணன் வேலையிலிருந்து வரவில்லை. அம்மா துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். அண்ணி சமையலறையில் நின்று, மேடையின் விளிம்பை இடுப்பால் உணர்ந்தபடி, தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“யாரு, அத்தையா?”

“நான்தான் அண்ணி.”

அண்ணி முகத்தைச் சட்டென்று ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தன் முகம் எதிரிலிருப்பவருக்கு எவ்வளவு தெரிகிறது என்பதைக்கூட அவளால் இப்போது பார்க்க முடியாது. வெளிச்சம் இருக்கிற பக்கமே திரும்பியிருந்தாள். கன்னம் மஞ்சளும் நீலமுமாக இருந்தது. மூக்கின் இடது ஓரத்தில், நோஸ்பேட் உட்காரும் இடத்தில், கீறி ஆறிய ஒரு சின்னப் பிறை.

“உக்காருங்க அண்ணி. மாட்டிப் பாக்கணும்.”

புதுக் கண்ணாடியைக் காதுகளில் ஏற்றினாள். அண்ணியின் கண்கள் சின்னதாகி, கூர்மையாகி, அவள்மேல் வந்து நின்றன. நாள்கணக்காகப் பார்க்காதவள் பார்ப்பதுபோல் முதலில் அவளை, பிறகு குழாயை, பிறகு சுவரைப் பார்த்தாள்.

“இது என்னோடது இல்லயே.”

“லென்ஸ் உங்களோடதுதான். இடது பக்கம் அழுத்துதா?”

“கொஞ்சம்.”

“அழுத்தட்டும் அண்ணி. நான் தள்ளி வைக்கல. வீக்கம் வத்தினா தானா சரியாயிடும்.”

அண்ணி கைகளை மடியில் துடைத்துக்கொண்டாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாற்காலியில...” என்று ஆரம்பித்தாள்.

“உக்காந்தா அப்படி வளையாது அண்ணி.”

பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள். அண்ணி அதைக் கேட்டு முடித்துவிட்டுப் பேசினாள்.

“எப்பலருந்து தெரியும் உனக்கு?”

“தெரியாம இல்ல. எனக்கு நானே சொல்லிக்கிட்டது இன்னைக்குத்தான்.”

“ம்.” அதில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. “நான் எங்கப்பாகிட்ட சொல்லிப் பாத்தேன் பாப்பா. போன தடவை. மழைக்காலத்துல. வீக்கம் வத்தினப்புறம் வந்து பாத்தாரு. கன்னத்துல அடிச்சா கண்ணாடி உடையாதாம்மா, கண்ணாடி புதுசு மாதிரி இருக்கேன்னு கேட்டாரு. கழட்டித் திருப்பிக்கூடப் பாத்தாரு. ஒரு கோணல் இல்ல.” அண்ணி லேசாகச் சிரித்தாள். “உன் வேலை அவ்வளவு சுத்தம்.”

அவள் அண்ணியின் காதுக்குப் பின்னால் வைத்திருந்த விரலை எடுக்கவில்லை. எடுத்தால் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? கோவத்துல ஒரு தட்டு தட்டியிருப்பாரு, நீ ஊதிப் பெருசாக்கறேன்னு. அதோட விட்டுட்டேன். திருப்பித் திருப்பிச் சொல்றதுக்கும் தெம்பு வேணும்ல.”

“நாளைக்கு எதுக்கு வர்றாங்க?”

“நான்தான் வரச் சொன்னேன். நேத்து. அவரு குளிக்கப் போனப்ப, போனை மூக்குல ஒட்டி வச்சு எண்ணைத் தேடித் தேடி. கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். வந்து பேசலாம்னாங்க.” கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளினாள், அது தேவையில்லாமலே உறுதியாக உட்கார்ந்திருந்தது. “பேசினா என்ன ஆகும்? நல்லாத்தானே இருக்கான்னு டீயக் குடிச்சிட்டுப் போவாங்க. பழசு எங்க?”

“பையில இருக்கு. அப்படியே. நிமிர்த்தல.”

அண்ணி எழுந்து, நடையில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். இந்த முறை சுவரைத் தொடவில்லை.

“நீயே வச்சிரு. இங்க வச்சா காணாம போயிடும். எங்கப்பா வர்றப்ப நீயும் வா. நீ ஒண்ணும் பேச வேணாம். அதை மட்டும் மேசை மேல வை.”

*

அம்மா துணிகளோடும் அண்ணன் கைப்பையோடும் ஒன்றாகவே உள்ளே வந்தார்கள். படியில் சந்தித்திருப்பார்கள், பேசியும் இருப்பார்கள்.

“அட, பாப்பா! சாப்பிட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்,” என்றான் அண்ணன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அண்ணியைப் பார்த்தான். “புதுசா? நல்லாருக்கே. டீச்சர் மாதிரி இருக்கே.”

அண்ணி சமையலறைக்குள் போனாள். அம்மா துணிகளைச் சோபாவில் போட்டுவிட்டு மடிக்காமல் நின்றாள்.

“பழசு என்னாச்சு?”

“இருக்கும்மா.”

“நிமிர்த்திட்டல்ல?”

“இல்ல.”

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான். முகத்தில் கோபம் இல்லை. வேலை முடிந்து வந்த எந்த ஆணின் முகமும் போல இருந்தது. கண்ணுக்குக் கீழே தொய்வு, கழுத்துப் பட்டையில் அழுக்கு.

“பாப்பா, நான் ஒளிவு மறைவில்லாம சொல்றேன். அன்னைக்கு ஏதோ பேச்சு வளந்து, கை பட்டுருச்சு. வேணும்னு இல்ல. அவளும் விடாம பேசுவா, உனக்குத் தெரியாது. அதுக்குன்னு நாலு பேர் முன்னால வச்சுப் பஞ்சாயத்து பண்ற விஷயமா இது?”

“மழைக்காலத்துலயும் கை பட்டுச்சாண்ணா?”

அம்மா குறுக்கே வந்தாள். “பழசெல்லாம் எதுக்குடி இப்ப? ஒரு வீட்டுக்குள்ள ஆயிரம் இருக்கும். நீ தனியா இருக்கிறவ, உனக்கு என்ன தெரியும் இதெல்லாம்?”

“தெரியாதுதாம்மா.”

“பின்ன? ரெண்டு நிமிஷ வேலை. உன் பைலயேதான் குறடு இருக்கும். நிமிர்த்திக் கண்ணாடி டப்பாவுல போட்டு அலமாரியில வை. நாளைக்கு அவங்க கேட்டா, பழைய ஃப்ரேம் தேஞ்சுபோச்சு, நான்தான் மாத்திக் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா அவங்க நம்புவாங்க. கண்ணாடியப் பத்தி நீ சொல்றதுக்கு மேல யாரு பேச முடியும்?”

அம்மாவின் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. அம்மா பயப்படுவது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். மருமகள் போய்விட்டால், அந்த வீட்டில் மகனோடு தான் மட்டும் மிஞ்சுவோம் என்று. சுண்டுவிரல் படாமல் வாழ்ந்த கிழவி இந்த வயதில் தன் மகனுக்கே பயப்படுகிறாள். அதை அம்மாவே இன்னும் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள். அவளுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கத்த வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பில்லை.

“குடு பாப்பா,” என்றான் அண்ணன், கையை நீட்டி. மென்மையாகத்தான் சொன்னான். உள்ளங்கையில் செடித்தொட்டி மண் ரேகையாக ஒட்டியிருந்தது. “உனக்குக் கஷ்டமா இருந்தா நானே நிமிர்த்திக்கிறேன்.”

பை அவள் மடியில் இருந்தது. அந்தக் கையையே பார்த்தாள். காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கைதான். அதைப் பொய் என்று அவளால் நினைக்க முடியவில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று பட்டது. சமையலறையில் தண்ணீர் ஓடுவது நின்றிருந்தது. அண்ணி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“இல்லண்ணா.”

“என்ன இல்ல?”

“நிமிர்த்த மாட்டேன். குடுக்கவும் மாட்டேன். அது அண்ணியோடது.”

“கூடப் பொறந்தவனுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?”

சொல்ல நிறைய இருந்தது. சொல்லிப் புரியவைக்கிற வேலை இன்றைக்கு வேண்டாம் என்று இருந்தது. அது பெரிய வேலை, நாளைக்கும் அதற்குப் பிறகும் செய்ய வேண்டிய வேலை. பையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“மாட்டேண்ணா,” என்றாள். “நாளைக்கு அவங்க வர்றவரைக்கும் நான் இங்கதான் இருக்கப் போறேன். அண்ணிகூடப் படுத்துக்கறேன்.”

நீட்டிய கை அப்படியே இருந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் போய், அண்ணி கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.